அடிக்காத கை: ராஜ்கிரணின் தகப்பன் வேடங்களும் மதுரைப் பக்கத்துப் பார்வையாளரும்

கேள்வி

2025 அக்டோபர் 1 அன்று தனுஷ் இயக்கிய 'இட்லி கடை' வெளியானது. அதில் ராஜ்கிரண் ஏற்ற வேடம் சிவநேசன். தேனிப் பக்கத்துச் சங்கராபுரத்தில் சிறிய இட்லிக் கடை வைத்திருப்பவர். மாவைக் கையால் ஆட்டுபவர். கடையைப் பெரிதாக்கும் ஆசை இல்லாதவர். மகன் வேலைக்காகப் பாங்காக் போய்விடுகிறான். தகப்பன் அதட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அதற்குச் சில மாதம் முன்பு, மே மாதத்தில் வந்த 'மாமன்' படத்திலும் அவர் முதிய கணவராக, மனைவிமீது பாசம் பொழியும் மனிதராகவே வந்தார்.

இந்த மனிதரைத் தமிழ்ப் பார்வையாளர் முதலில் அறிந்தது வேறு கோலத்தில். தொடை தெரிய ஏற்றிக் கட்டிய வேட்டி, நல்லி எலும்பைக் கடித்து இழுக்கும் பல், பேச்சுக்கு முன்னால் பாயும் கை. இன்றும் மதுரைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஒருவர் எலும்போடு மல்லுக்கட்டினால் அவருக்குக் கிடைக்கும் பெயர் ராஜ்கிரண்தான். முரடன் என்று பேரெடுத்த நடிகர் அடிக்காத தகப்பனாக, அழுகிற தாத்தாவாக மாறியபோது, அந்த முரட்டுத்தனத்தைக் கொண்டாடிய அதே மக்கள் ஏன் முகம் சுளிக்கவில்லை? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான்.

கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. தமிழ்ப் பார்வையாளர் நட்சத்திரத்தின் வேடமாற்றத்தை எளிதில் பொறுத்ததில்லை. எம்.ஜி.ஆர். இறந்துபோவதாக முடிந்த 'பாசம்' (1962) ரசிகர்களால் ஏற்கப்படாதது பலரும் எடுத்துக்காட்டும் சான்று. ரஜினிகாந்தின் நூறாவது படமான 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) அவர் விரும்பி நடித்த பக்திப்படம். அதற்கு அவருடைய மற்றப் படங்களுக்குக் கிடைத்த வரவேற்பு கிடைக்கவில்லை. நடிகர் மாற நினைப்பார், கூட்டம் மறுக்கும் என்பது ஏறத்தாழ விதியாகவே எழுதப்பட்டுவந்திருக்கிறது. ராஜ்கிரண் அந்த விதிக்குள் அடங்கவில்லை.

மதுரைப் பக்கத்துப் பேரையூரிலிருந்து இதைப் பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. மேற்கே சதுரகிரி மலை, கிழக்கே திருமங்கலம், வடக்கே உசிலம்பட்டி என்று அமைந்த இந்த வானம் பார்த்த பூமி, தமிழ்ப்படங்கள் 'தெற்கத்தி மண்' என்று காட்டும் நிலத்தின் நடுவில் இருக்கிறது. கஸ்தூரிராஜாவும் பாரதிராஜாவும் தேனிப் பக்கத்தவர்கள். சேரன் மேலூர்ப் பக்கத்தவர். விஜயகாந்த், வடிவேலு, சூரி மதுரைக்காரர்கள். தங்களைப் பற்றி எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் படங்களை, பேருந்து ஏறிப்போய்க் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் இப்பகுதி மக்கள்.

இதுவரை சொல்லப்பட்டவை

மதுரைப் பார்வையாளரைப் பற்றி முறையாகக் கள ஆய்வு செய்தவர்களில் முதன்மையானவர் சாரா டிக்கி. 1980களின் நடுவில் மதுரையில் தங்கி, நகர ஏழைகளோடு பழகி அவர் எழுதிய நூல் 1993இல் வந்தது. மிகைநாடகம் மலிவான அழுகை என்ற படித்தவர்களின் ஏளனத்தை அவர் ஏற்கவில்லை. வறுமை, கடன், குடும்பப் பிளவு போன்ற உண்மையான கவலைகள் திரையில் எழுப்பப்பட்டுத் தீர்க்கப்படுவதைப் பார்வையாளர் விரும்பிப் பார்க்கிறார்கள் என்று காட்டினார். ரசிகர் மன்றங்கள் பெரும்பாலும் இளம் ஆண்களின் உலகம் என்பதையும் பதிவுசெய்தார்.

எம்.எஸ்.எஸ். பாண்டியனின் எம்.ஜி.ஆர். பற்றிய ஆய்வு (1992) வேறு திசையில் போனது. நாயகப் பிம்பம் ஏழைகளின் கனவை வாங்கிக்கொண்டு அவர்களுடைய எதிர்ப்பைக் கரைத்துவிடுகிறது என்பது அவருடைய கடுமையான வாதம். ராஜன் குறை, 2008இல் வெளியான கட்டுரையொன்றில், அரிவாளும் பகையுமாகத் 'தெற்கு' என்ற நிலம் திரையில் கற்பனையாகக் கட்டப்பட்ட விதத்தை விளக்கினார். கார்த்திகேயன் தாமோதரனும் ஹியூகோ காரிஞ்சும் 2017இல் 'மதுரைப் பாணி'ப் படங்களைச் சாதிப் பெருமையோடு இணைத்து ஆராய்ந்தார்கள்.

இவை நான்கும் நமக்கு வேண்டியவை. ஆனால் நான்கிலும் கண்ணோட்டம் இளம் நாயகன்மீதே நிற்கிறது. வயதான முரடனைப் பற்றிப் பேச்சு குறைவு. அவனைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வயதான பார்வையாளரைப் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவு.

சான்றுகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓடிய நாள் கணக்கும் வசூல் கணக்கும் பெரும்பாலும் விளம்பரத்துக்காகச் சொல்லப்படுபவை. அவற்றை நம்பி ஒரு வாதத்தைக் கட்ட இயலாது. படங்கள் கட்டப்பட்ட விதம், நடிகர் வந்த பாதை, மக்கள் பேச்சில் தங்கிவிட்ட அடையாளங்கள், மேற்சொன்ன ஆய்வுகள் ஆகியவற்றையே இங்கு ஆதாரமாகக் கொள்கிறேன்.

1991: தோற்றுப்போன முரடன்

ராஜ்கிரண் மாறினார் என்று சொல்லிவிட்டு ஏன் மாறினார், எப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்று தேடுவது வழக்கம். நான் அந்தத் தொடக்கத்தையே சந்தேகிக்கிறேன். அவர் நாயகனாக அறிமுகமான 'என் ராசாவின் மனசிலே' படத்தைத் திரும்பப் பார்த்தால், பின்னால் வந்த தகப்பனுக்கான விதை அங்கேயே கிடப்பது தெரியும்.

கீழக்கரையில் பிறந்து, சென்னையில் பட விநியோகத்தில் இருந்து, ராமராஜன் நடித்த 'ராசாவே உன்னை நம்பி' (1988) முதலான படங்களைத் தயாரித்தவர் ராஜ்கிரண். நாயகனாக வந்தபோது அவர் இளைஞரும் அல்லர், அழகர் என்ற பேரும் அவருக்கு இல்லை. கஸ்தூரிராஜா இயக்கிய முதல் படம் அது. வடிவேலுவைப் பரவலாக அறியவைத்த படமும் அதுதான். கதையில் மாயாண்டி என்னும் முரடன், தன்னைக் கண்டாலே நடுங்கும் சோலையம்மாவை மணக்கிறான். அவள் அச்சம் தெளிந்து அவனை நேசிக்கத் தொடங்கிய கொஞ்ச காலத்தில் இறந்துபோகிறாள். ஊரை அடக்கியவனால் தன் வீட்டுக்குள் ஒரு பெண்ணின் பயத்தைப் போக்க முடியவில்லை. முடிந்தபோது அவள் இல்லை.

எம்.ஜி.ஆரின் நாயகன் தோற்காதவன். ரஜினியின் நாயகன் அடிபட்டாலும் எழுந்து வருபவன். ராஜ்கிரணின் நாயகனோ முதல் படத்திலேயே, எது முக்கியமோ அதில் தோற்றவன். சண்டைக் காட்சிக்குச் சீட்டியடித்த கூட்டம் பிற்பாதியில் கண்ணைக் கசக்கியது. மக்கள் நினைவில் எலும்பு கடிக்கும் பிம்பம் மேலே மிதந்தாலும், அதற்கு அடியில் மனைவியை இழந்தவனின் துக்கம் படிந்திருக்கிறது. ஆகவே 2005இல் தகப்பனாக வந்தவர் புதிய ஆளாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பதினான்கு ஆண்டு வயதான மாயாண்டியாகவே தெரிந்திருப்பார் என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் நின்று ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். மாயாண்டி திருந்துவதற்கான விலையைக் கொடுப்பவள் சோலையம்மா. அவளுடைய அச்சத்துக்கு நியாயமான காரணம் உண்டு; மனைவிமீது கணவன் செலுத்தும் வன்முறையைப் படம் காட்டுகிறது, ஆனால் அதற்குப் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. அவன் மனத்தைப் புரிந்துகொள்ளாதது அவளுடைய குறை என்பதுபோலக் கதையை நகர்த்துகிறது. அவள் துன்பம் அவனுக்குப் பாடமாகிறது. படத்தின் தலைப்பே அவன் மனத்தைப் பற்றியதுதான். முரடனின் கண்ணீரை நாம் இவ்வளவு எளிதாக ஏற்றதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆண் அழுதுவிட்டால் கணக்கு நேராகிவிட்டதாக எண்ணப் பார்வையாளர் பழக்கப்பட்டுவிட்டார்கள். அவர் நடிப்பின் மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனாலும் அந்த மதிப்பைச் சொல்லும்போது சோலையம்மாவை விட்டுவிட்டுச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

மன்றம் இல்லாத நடிகர்

அதே 1991இல்தான் விஜயகாந்தின் நூறாவது படம் 'கேப்டன் பிரபாகரன்' வந்தது. மதுரை மண்ணின் மைந்தர், அடிதடி நாயகர், அந்தப் படத்துக்குப் பிறகு 'கேப்டன்' என்பது அவருடைய பெயராகவே ஆனது. அவருக்கும் சோக நடிப்பு வரும். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் இழந்த காதலைச் சுமக்கும் வெள்ளைச்சாமியை மறந்தவர்கள் இப்பகுதியில் குறைவு. ஆனால் 1991க்குப் பிறகு அவர் பிம்பம் இறுகியது. ஊர்தோறும் மன்றங்கள் பெருகின. 2005 செப்டம்பரில் அந்த மன்றங்களின் பலத்தில் மதுரையில் தேசிய முற்போக்கு திராவிடக் கழகம் தொடங்கப்பட்டது.

அதே 2005இல் சேரனின் 'தவமாய் தவமிருந்து' படத்தில் ராஜ்கிரண் ஒரு சின்ன அச்சகக்காரரானார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குப் பயன் உண்டு. மன்றம் என்பது நடிகருக்குக் கூட்டம் சேர்க்கும் அமைப்பு மட்டுமல்ல. பிம்பத்துக்குக் காவல் நிற்கும் அமைப்பும்கூட. தலைவர் தோற்கக் கூடாது, அடிவாங்கக் கூடாது, அழுதாலும் அடுத்த காட்சியில் பழிவாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே கூட்டாக உருவாகிறது. பதாகை கட்டியவர்களுக்கு ஊருக்குள் ஒரு மானம் இருக்கிறது; படம் சறுக்கினால் எதிர் மன்றத்தானிடம் தலைகுனிய நேர்வது அவர்களுக்குத்தான். 'பாசம்' பட்ட பாட்டைப் பார்வையாளர் ரசனை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. மன்றங்களுக்குள் இருந்த இந்த மானப் பிரச்சினையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ராஜ்கிரணுக்கு அத்தகைய வலுவான மன்ற வலை இருந்ததில்லை. அவரைப் பார்க்க வந்தவர்கள் தனித்தனியாக, குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அவர் திரையில் தளர்ந்தால் அதனால் தெருவில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. 'மாமன்' வெளியானபோது இந்த வேறுபாடு கண்முன்னே தெரிந்தது. சூரியின் ரசிகர்கள் சிலர் படம் வெற்றிபெற வேண்டி மதுரையில் மண்சோறு சாப்பிட்டார்கள். சூரியே அதைக் கடுமையாகக் கண்டித்தார். அதே படத்தில் நடித்த ராஜ்கிரணுக்காக யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. அவருக்கு நேர்த்தி தேவைப்படவுமில்லை. காவல் இல்லாத பிம்பம் என்பதால்தான் அவரால் தடையின்றி மூப்படைய முடிந்தது. டிக்கியும் பாண்டியனும் மன்றத்தை வைத்துப் பார்வையாளரை விளங்கிக்கொண்ட முறைக்கு, மன்றமே இல்லாத இந்த நடிகர் ஒரு முக்கியமான விடுபடல் என்று கருதுகிறேன்.

அடிக்காத தகப்பன்

2001 அவருக்கு இரண்டாம் தொடக்கம். பாலாவின் 'நந்தா'வில் ராமேசுவரத்துப் பெரியவராகவும், சேரனின் 'பாண்டவர் பூமி'யிலும் வந்தார். 2005இல் லிங்குசாமியின் 'சண்டக்கோழி'யில் துரை அய்யா. இந்த வேடங்களில் பழைய பலம் ஒழியவில்லை, ஒடுக்கி வைக்கப்பட்டது. துரை அய்யா நடந்து வந்தாலே கூட்டம் ஒதுங்குகிறது. அவர் அடிப்பாரா மாட்டாரா என்பதுதான் காட்சியின் விறுவிறுப்பு. அடிப்பதற்கு மகன் இருக்கிறான்.

'தவமாய் தவமிருந்து' இதிலிருந்து இன்னொரு படி விலகியது. அதில் ராஜ்கிரண் ஏற்ற முத்தையாவுக்குச் சண்டைக் காட்சியே இல்லை. கடன் வாங்கி, அச்சகத்தில் ராப்பகலாக உழைத்து, இரண்டு மகன்களைப் படிக்கவைக்கும் மனிதர். மூத்தவன் மணமானதும் விலகிப்போகிறான். இளையவன் காதலித்த பெண்ணோடு சென்னைக்கு ஓடிவிடுகிறான். அவனைப் பார்க்கத் தகப்பன் வந்து நிற்கும் காட்சியை வேறு ஒரு நடிகர் செய்திருந்தால் அது சாந்தமான தகப்பனின் காட்சியாக இருந்திருக்கும். ராஜ்கிரண் நின்றபோது அந்தக் கையின் கனம் பார்வையாளருக்குத் தெரியும். ஓங்கத் தெரிந்த கை ஓங்காமல் தொங்குவதைப் பார்த்துத்தான் தொண்டை அடைக்கிறது. இந்த உணர்ச்சியில் பாதியைப் படம் தருகிறது. மீதிப் பாதியைப் பார்வையாளர் 1991இலிருந்து தங்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். குடும்ப நலம் சார்ந்த சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் அந்தப் படம் பெற்ற பெரிய அங்கீகாரம் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே இன்றுவரை அதன் பெயர் தானாக வாயில் வருவதுதான்.

அதன்பின் 'மஞ்சப்பை' (2014), 'ப. பாண்டி' (2017), 'இட்லி கடை' என்று வரிசை நீள்கிறது. இவற்றில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு ஒன்று: மகனோ பேரனோ ஊரை விட்டுப் போயிருப்பான், மூத்தவர் அவனிடம் வந்து சேருவார், அல்லது அவன் வருவதற்குள் போய்ச்சேர்ந்திருப்பார். பேரையூர் வட்டாரத்தில் இந்த அமைப்பு சும்மா கதையாகப் போய்விடாது. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும் ஊர்கள் இவை. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போவது இங்கே தலைமுறை வழக்கம். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து திரும்புபவர்கள் திரையரங்கில் பார்ப்பது தாங்கள் விட்டுவந்த வீட்டை. அழுகாச்சிப் படம் என்று கேலி பேசிக்கொண்டே உள்ளே போகும் இளைஞர்கள் வெளியே வரும்போது ஊருக்குத் தொலைபேசி செய்ய நினைப்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இதையே ஒரு விமர்சனமாகவும் திருப்பிக் கேட்கலாம். இந்தப் படங்கள் யாருடைய துயரத்தைச் சொல்கின்றன? பெரும்பாலும் மகனுடைய குற்றவுணர்வைத்தான். தகப்பன் எவ்வளவு நல்லவரோ அவ்வளவுக்கு மகனின் உறுத்தல் கூடுகிறது. மகன் திரும்பி வந்ததும் உறுத்தல் தீர்கிறது. தகப்பனுக்கு என்ன வேண்டியிருந்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. சிவநேசனுக்குக் கடை ஒன்றே வாழ்க்கை. அந்தக் கடையில் கூடவே உழைத்த மனைவிக்கு (கீதா கைலாசம் ஏற்ற வேடம்) என்ன விருப்பம் இருந்தது என்று படம் நின்று கேட்கவில்லை.

'ப. பாண்டி' மட்டும் கேட்டது. தமிழ்ப் புத்தாண்டு நாளில், 2017 ஏப்ரல் 14 அன்று வந்த அந்தப் படம் தனுஷ் இயக்கிய முதல் படம். ராஜ்கிரணை நாயகனாக்கிய படத்தை இயக்கிய கஸ்தூரிராஜாவின் மகன், இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகு அதே நடிகரை மறுபடியும் நாயகனாக்கினார். பாண்டி ஓய்வுபெற்ற சண்டைப் பயிற்சியாளர். நாயகர்களுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்த கை அவருடையது. அக்கம்பக்கத்தில் நடக்கும் அநியாயத்தைத் தட்டிக்கேட்கப் போய் மகனிடம் ஏச்சு வாங்குகிறார். தன் வீடு என்று நினைத்த இடத்தில் தான் விருந்தாளி என்று உணர்ந்தவர், மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு இளமைக் காதலி பூந்தென்றலைத் தேடிப் புறப்படுகிறார். ரேவதி ஏற்ற அந்தப் பெண் ஐதராபாத்தில் தனக்கென ஒரு வாழ்க்கையோடு இருக்கிறார்.

இந்த வரிசையிலேயே துணிச்சலான படம் இதுவென்று நினைக்கிறேன். முரடனுக்கு முதுமையில் பாசம் வரலாம், தியாகம் வரலாம். ஆசை வரலாமா என்ற கேள்வியைக் கூட்டத்தின் முன் வைத்தது. பேரப்பிள்ளை எடுத்த வயதில் காதல் என்பது ஊர்ப்புறத்தில் திண்ணைச் சிரிப்புக்கு இரையாகும் விஷயம். கூட்டம் அதைச் சிரிக்காமல் ஏற்றதற்கு ரேவதியின் அமைதியான நடிப்பு பாதிக் காரணம். மாயாண்டி ஒருமுறை இழந்தவன், இந்தத் தடவையாவது அவனுக்குக் கிடைக்கட்டும் என்று பழைய பார்வையாளரிடம் ஒரு பரிவு இருந்திருக்கும் என்பது மீதிப் பாதி. அப்பாவின் படத்தில் நடுங்கிய பெண்ணுக்கு மகனின் படத்தில் மறுக்கவும் யோசிக்கவும் உரிமை கிடைத்திருக்கிறது என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

சாதிப் பெருமை என்னும் விளக்கம்

எதிர்வாதம் ஒன்று வலுவானது. ஊர்ப் பெரியவர், அய்யா, பஞ்சாயத்து நாற்காலி, முறுக்கிய மீசை ஆகியவை ஆதிக்க சாதிகளின் அதிகாரத்துக்குப் போர்த்தப்பட்ட கண்ணியமான சால்வை. ராஜ்கிரணின் சாந்தம் அந்த அதிகாரத்தை அன்பாகக் காட்டப் பயன்படுகிறது. கூட்டம் கைதட்டுவது அதற்குத்தான் என்பது அந்த வாதம். 'சண்டக்கோழி'க்கும் 'கொம்பன்' (2015) போன்ற படங்களுக்கும் இது பெருமளவு பொருந்தும். அடிக்க வல்லவர் அடிக்காமல் விடுவதைப் பெருந்தன்மை என்று புகழும்போது, அடிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இந்த ஆபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மதுரைப் பக்கத்தில் அதன் விளைவுகள் திரையோடு நிற்பதில்லை.

ஆயினும் முத்தையாவும் சிவநேசனும் பாண்டியும் இந்த அச்சில் விழவில்லை. ஒருவர் அச்சகக்காரர், ஒருவர் கடைக்காரர், ஒருவர் சண்டைப் பயிற்சியாளர். மூவருக்கும் நிலமும் இல்லை, நாட்டாமையும் இல்லை. கைத்தொழிலால் பிழைப்பவர்கள். பார்வையாளர் நெஞ்சில் ஆழமாகத் தங்கியது இந்த வேடங்கள்தான் என்பது சாதிப் பெருமை விளக்கத்தின் எல்லையைக் காட்டுகிறது. அதோடு, இந்தக் கிராமத்துப் பெரியவர்களைத் திரையில் வாழ்ந்துகாட்டுபவர் கீழக்கரை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் அதை மறைத்ததில்லை. மக்களும் அறியாதவர்கள் அல்லர். யார் எந்த வேடத்துக்கு உரியவர் என்று சாதியையும் மதத்தையும் வைத்து அளக்கும் காலத்தில், அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவராக எடுத்துக்கொண்ட கூட்டத்தின் மனத்துக்கு நாம் உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும்.

யாரைக் கேட்க வேண்டும்

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி படங்களிலிருந்தும் நடிகரின் பாதையிலிருந்தும் வருவித்தது. பார்வையாளரின் வாய்மொழி அதில் சேர வேண்டும். சாரா டிக்கி மதுரையில் வேலைசெய்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் பேசிய தலைமுறை இன்று திரையரங்குக்குப் போவது குறைந்து, தொலைக்காட்சியிலும் பேரப்பிள்ளையின் கைபேசியிலும் பழைய படங்களைப் பார்க்கிறது. அதுபோன்ற கள ஆய்வு ஒன்று இப்போது திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் போன்ற சிற்றூர்களை மையமாக வைத்துச் செய்யப்பட வேண்டும்.

அதில் முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள், 1991இல் புதுமணப் பெண்களாக 'என் ராசாவின் மனசிலே' பார்த்தவர்கள். இன்று அவர்கள் பூந்தென்றலின் வயதில் இருக்கிறார்கள். பலர் மகனை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்கள். அன்று மாயாண்டிக்காக அழுதீர்களா, சோலையம்மாவுக்காக அழுதீர்களா. முரடன் பிற்காலத்தில் நல்ல தகப்பனாக வந்தபோது உங்கள் வீட்டு ஆணும் அப்படி மாறினாரா. மாறாவிட்டால் அந்தப் படத்தை எப்படிப் பார்த்து முடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் தரும் விடை, முரடனின் கண்ணீரைக் கூட்டம் ஏற்றுக்கொண்டது என்று நான் ஒருமையில் எழுதியதைப் பலவாகப் பிரிக்கக்கூடும்.